'எ பிட் ஸ்டிக்கி' என்றால் எவ்வளவு ஆபத்து?

1951 ஏப்ரல். கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை அலை அலையாக வந்து மோதியது. எதிரே நின்ற பிரிட்டிஷ் படைகளில் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனும் ஒன்று. சில நூறு பேர்தான். நிலவரம் கேட்ட அமெரிக்க மேலதிகாரியிடம் பிரிட்டிஷ் பிரிகேடியர் சொன்னார்: 'எ பிட் ஸ்டிக்கி'.

நேர்ப்பொருள், கொஞ்சம் பிசுபிசுப்பு. பிரிட்டிஷ் ராணுவப் பேச்சில் அதற்குப் பொருள், நிலைமை கைமீறுகிறது என்பது. ஆபத்து முற்ற முற்ற அடக்கி வாசிப்பதே அதிகாரிக்கு அழகு என்று பழகியவர்கள் அவர்கள். அமெரிக்கர் காதிலோ, 'சிரமம்தான், சமாளித்துவிடுவார்கள்' என்று விழுந்தது. பின்வாங்கும் உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை. 235-ஆம் குன்றில் சுற்றிவளைக்கப்பட்ட பட்டாலியனில் 500-க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

மீட்கப் போன படையால் நெருங்க முடியாததும் ஒரு காரணம் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். இருக்கலாம். ஆனால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான்; அப்படியும் பொருள் மாறிப்போனது!

சர்ச்சிலும் தன் இரண்டாம் உலகப் போர் நூலில் இப்படியொன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்வோம் என்றது பிரிட்டிஷ் தரப்பு, உடனே விவாதிக்கலாம் என்ற பொருளில். அமெரிக்க வழக்கில் அது கிடப்பில் போடுவது. இரு தரப்பின் விருப்பமும் ஒன்றே. ஆனாலும் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள்.

உயிர்களைப் பறிகொடுத்த பிறகுதான் விமானத்துறை விழித்தது. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் ஓடுபாதையில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்று துணை விமானி சொன்னதை, கிளம்பத் தயாராக நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டது கட்டுப்பாட்டுக் கோபுரம். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. இன்று 'டேக்-ஆஃப்' என்ற சொல் அதற்கான அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'.

கப்பல்களுக்கும் 2001-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு நிலையான வாசகங்களை வகுத்தது. 'மே ஐ என்டர்' என்பதுகூட அங்கே குழப்பம்தான். 'நுழைய எனக்கு அனுமதி உண்டா' என்று நேராகக் கேட்க வேண்டும்.

மருத்துவமனை வார்டுகளுக்கு இப்படிப் பொதுவான வாசகப் பட்டியல் எங்கே? பிரிட்டனில் இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா என்று பல நாட்டு நர்ஸ்கள் ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். நோயாளி 'டச் அண்ட் கோ' என்று ஒரு டாக்டர் சொன்னால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். விமானப் பயிற்சியிலோ, சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி மேலே கிளம்பும் அன்றாடப் பாடத்துக்கும் அதே பெயர். பாடநூல் ஆங்கிலத்தோடு வந்த நர்ஸ், நள்ளிரவில் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? திருப்பிக் கேட்டால் ஆங்கிலம் போதாதவர் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வேறு.

அந்தத் தயக்கத்தை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பேசுகிறவர்தான் மாற வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது, 'உயிருக்கு ஆபத்து இருக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள்' என்று வெட்டவெளிச்சமாகச் சொல்லவும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்ற விதி முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வர வேண்டும்.