பக்கத்து பெஞ்சுக்காரனின் காசு

கோட்டக்குப்பத்தில் பழைய பணம் தேடுகிறவர் நாணயக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தெற்கே கொஞ்சம் நடந்தால் முத்தியால்பேட்டை. 1954 வரை அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண். சைகோனுக்குப் பிழைக்கப் போனவர்கள், பாரிஸில் குடியேறியவர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதிப்பவர்கள் இந்த வட்டாரத்துக் குடும்பங்களில் நிறைய. அவர்கள் கொண்டுவந்து செலவழியாமல் போன சில்லறையும் நோட்டும் பீரோ மேல்தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அதில் ஒன்றிரண்டு புத்தகப் பையில் ஏறி வகுப்புக்கும் வந்துவிடும். நாணயம் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சந்தை கிடையாது. இதைவிடச் சிக்கலான சந்தையும் கிடையாது.

வாங்குவதற்கு முன் காசைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் ரூபாய் நாணயத்திலேயே பழகலாம். ஆண்டுக்குக் கீழே வைர வடிவில் குறி இருந்தால் அது மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். சிறு வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. நோட்டுகளில் எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் இருந்தால், அச்சில் கெட்டுப்போன நோட்டுக்கு மாற்றாகக் கட்டில் சேர்த்தது என்று அர்த்தம். 2006-ல் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளில் ரிசர்வ் வங்கி இந்த முறையைத் தொடங்கியது. நட்சத்திரத்தைப் பார்த்ததும் லட்சாதிபதி ஆகிவிட்டோம் என்று குதிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பிரெஞ்சு ஐம்பது பிராங்க் நோட்டு இன்னும் சுவாரசியமானது. ‘குட்டி இளவரசன்’ எழுதிய செந்த்-எக்சுபெரியின் படம் போட்ட நோட்டு அது. முதலில் வந்த நோட்டுகளில் அவர் பெயரின் ‘எ’ தலையில் இல்லாத ஒரு கோட்டைப் போட்டு அச்சடித்துவிட்டார்கள், பிறகு திருத்தினார்கள். பிரான்ஸ் மத்திய வங்கி பிராங்க் நோட்டுகளை மாற்றித் தருவதை 2012 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே அதைக் கையில் வைத்திருப்பவரிடம் யூரோ கணக்குச் சொல்லி விலை பேச முடியாது. சேகரிப்பவர் தரும் விலைதான் விலை.

இந்தப் பக்கத்துக்கே உரிய காசு என்றால் சைகோன் வெள்ளிதான்: பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்தர். 1885 முதல் 1928 வரை அடித்தார்கள். ஒரு பக்கம் தலையில் கதிர்முடியோடு உட்கார்ந்திருக்கும் பெண். மறுபக்கம் தன் எடையையும் தரத்தையும் தானே சொல்லிக்கொள்ளும்: 1895-க்குப் பிந்தைய காசில் 27 கிராம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் வெள்ளி. இதற்குப் போலிகள் ஏராளம். காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டாததாலேயே அசல் என்று ஆகிவிடாது. தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்து, காசு சொல்லும் எடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

அசல் என்றால் அதில் 24.3 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையே அதன் அடிமட்ட விலை. விவரம் தெரியாத வகுப்புத் தோழனிடம் ஐம்பது ரூபாயும் ஒரு கோன் ஐஸும் கொடுத்து அதை வாங்கினால் அதற்குப் பெயர் சாமர்த்தியம் இல்லை. என்ன காசு, என்ன எடை, என்ன விலை போகும் என்பதை விலை பேசுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தெரிந்ததைச் சொன்னால் பேரம் கெட்டுப்போகும் என்று தோன்றினால், அது கெட வேண்டிய பேரம்தான்.

அந்தக் காசு அவனுடையதுதானா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் இருக்காது, நன்னாவுடையது, அதாவது தாத்தாவுடையது. பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்து 1903-லேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. சாயங்காலம் அவன் அத்தா வந்து திருப்பிக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதலிலேயே இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. பணத்தைவிடக் காசுக்குக் காசு மாற்றிக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. விலை உயர்ந்ததைப் பள்ளிக்கே கொண்டுவர வேண்டாம். தொலைந்தால் நட்பும் தொலையும்.

சட்டத்தில் வேறு சில முட்களும் உண்டு. 2016-ல் செல்லாமல் போன ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைச் சாதாரணமாகப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வு, நாணயச் சேகரிப்பு என்றால் 25 வரை. நூறு வயது தாண்டிய நாணயம் சட்டப்படி தொல்பொருள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஆசைப்பட்டுக் கேட்டாலும் அனுமதியில்லாமல் கொடுத்தனுப்ப முடியாது. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

மண்ணிலிருந்து எடுத்த காசை மட்டும் தோழன் சும்மா கொடுத்தாலும் தொடக்கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை விட்டாலும் வேறொரு காரணம் இருக்கிறது, அது புதுச்சேரிக்குத் தெற்கே பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடக்கிறது. 1937-ல் அங்கே சுற்றித் திரிந்த பிள்ளைகளிடமிருந்து மணிகளையும் பழம்பொருள்களையும் விலைக்கு வாங்கினார் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரே. கிடைத்தவற்றில் ஆள் உருவம் செதுக்கிய கல் ஒன்று. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் கண்டுகொண்டார். அரிக்கமேடு ஆய்வாளர்கள் கவனத்துக்கு வந்தது அப்படித்தான். ஆனால் கைமாறி வந்த பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்லாது. அதற்கு 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் வந்து அடுக்கடுக்காகத் தோண்ட வேண்டியிருந்தது. இத்தாலியில் செய்த மட்கலத் துண்டுகளைக் கொண்டே அந்தத் துறைமுகத்தின் காலத்தை அவர் கணித்தார்.

வீட்டுக் காசுக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. வாங்கிய அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கொடுத்த விலை, யார் எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று எழுதிவிட வேண்டும். பிறகு காசைப் புளி போட்டுத் தேய்க்காமல் இருந்தால் போதும். தேய்த்தால் செம்பு பளபளக்கும், ஆனால் சேகரிப்பவர் தரும் விலை குறைந்துவிடும். பிவிசி உறையும் வேண்டாம். நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரிக்கும். அமிலம் இல்லாத காகிதத்தில் மடித்து வைப்பதே மேல்.