படிக்கப்பட்ட பெயர்கள்

இராஜஸ்தானின் கோட் கிரானா என்னும் சிற்றூரில் 1994 டிசம்பரில் ஊரார் கூடினர். மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பினர், அரசுப் பணிகளுக்கான கூலிப் பட்டியலை உரக்கப் படித்தனர். வேலைக்கே செல்லாதவர்க்கும் கூலி வழங்கியதாக அதில் எழுதப்பட்டிருந்தது; கேட்டோர் மறுத்துரைத்தனர். இத்தகைய கூட்டங்களில் வேரூன்றிய போராட்டமே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வழிகோலியது. எவரும் கேட்கும் முன்னரே அரசு அலுவலகங்கள் தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு.

2012இல் நடுவண் அரசு திறந்தநிலைத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. ஆயினும், மாநில அளவிலான மொத்தத் தொகையை எளிய குடிமகன் எவ்வாறு சரிபார்ப்பான்? தன் தெருவினர் பெயரையோ நொடியில் சரிபார்த்துவிடுவான். இராஜஸ்தான் அரசு 2019இல் தொடங்கிய ‘ஜன் சூச்னா’ தளம், நியாயவிலைக் கடை, ஓய்வூதியம், ஊரக வேலை ஆகியவற்றின் விவரங்களை ஊர்வாரியாகவே காட்டுகிறது. அதற்கு விண்ணப்பம் தேவையில்லை.