பின்னோடும் படமும் சார்பெழுத்தும்

விகடகவி என்னும் சொல்லை முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றே. திருஞானசம்பந்தர் இம்முறையில் ஒரு பதிகமே பாடினார். அது திருமாலைமாற்று எனப்படும். இவ்வாறு பின்னிருந்து படிக்க இயல்வது எதனால்? ஒவ்வோர் எழுத்தும் தன் வடிவில் முழுமையாகத் தாளில் நிற்பதனால் அன்றோ?

பழைய திரைப்படச் சுருளும் அத்தகையதே. அதில் ஒவ்வொரு தனிப்படமும் தானே முழுமை உடையது. 1896-இல் பிரான்சு நாட்டு லூமியேர், ஒரு சுவரை இடித்துத் தள்ளும் காட்சியைப் படமாக்கினார். சுருளைப் பின்னோக்கி ஓட்டினால், இடிந்த சுவர் புழுதியிலிருந்து எழுந்து நின்றது. மக்கள் வியந்தனர். எப்பக்கம் சுழற்றினும் அந்தச் சுருள் ஒரே சீராக ஓடிற்று.

இனி, இக்காலத்துக்கு வருவோம். தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. வழியில் உடைபடும் தேங்காயை ஒரு மாணவன் கைப்பேசியில் பிடிக்கிறான். சில்லுகள் கூடி முழுத்தேங்காயாகிக் கைக்குத் திரும்புவதைப் பள்ளி விழாவில் காட்டவேண்டும் என்பது அவன் ஆசை. தொகுப்பு மென்பொருளில் துண்டைத் திருப்பி ஓட்டுமாறு கட்டளையிடுகிறான். முன்னோக்கி வழுவழுவென்று ஓடிய படம், பின்னோக்கித் திக்கித் திக்கி நகர்கிறது. "கணினி பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று யாரேனும் சொல்லிவிடுவர். ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவு அது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் ஒன்று அத்தொகையைத் திரட்ட எத்தனை மாதம் உழைக்கவேண்டும்! பெரும்பாலும் அச்செலவு வேண்டாதது.

காரணம் இது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு தனிப்படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 6 மெகாபைட் ஆகும். நொடிக்கு 30 படம் எனில் ஒரு நொடிக்கே 186 மெகாபைட். கைப்பேசி அதனை இரண்டு மூன்று மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. 2003-இல் வகுக்கப்பட்ட எச்.264 போன்ற சுருக்க முறைகளால் இது கைகூடுகிறது. ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறிய பகுதிகளை மட்டுமே அவை குறித்து வைக்கின்றன.

தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. முழுமையாக எழுதப்பட்டதனை முதற்படம் என்போம், மற்றவை சார்புப்படங்கள். குற்றியலுகரம் தன் முன் நிற்கும் எழுத்தைக் கொண்டே இன்னதென்று அறியப்படுவதுபோல, சார்புப்படம் தனக்கு முந்திய படத்தைக் கொண்டே உருப்பெறும். சில படங்கள் பின்வரும் படத்தையும் எதிர்நோக்கும். 'நாகியாது' என்பதில் உள்ள குற்றியலிகரம் பின்வரும் யகரத்தால் பிறப்பதுபோல. தனித்து எடுத்தால் இவற்றுக்கு உருவே இல்லை.

முன்னோக்கி ஓடும்போது இதனால் தொல்லையில்லை. பின்னோக்கி ஓட்டும்போதுதான் இடர்ப்பாடு. முப்பது படங்களுக்கு ஒரு முதற்படம் எனவும், எல்லாச் சார்பும் முந்திய படத்தின்மேல் எனவும் எளிமையாகக் கொள்க. முப்பதாம் படத்தைக் காட்ட, முதலிலிருந்து முப்பதையும் அவிழ்க்கவேண்டும். இருபத்தொன்பதாம் படத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து இருபத்தொன்பது. இப்படியே இறங்கினால், முப்பது படங்களைக் காட்ட 465 முறை அவிழ்க்க நேரும். தோட்டத்துக் கிராணி மாதத் தொடக்கத்தில் மட்டும் முழுப் பெயர்ப்பட்டியல் எழுதி, நாள்தோறும் வந்தவர் போனவரை மட்டுமே குறித்தால், பின்னிருந்து ஒவ்வொரு நாளின் பெரட்டையும் கேட்பவர்க்கு என்ன பாடுபடுவார்? அதே பாடுதான் கணினிக்கும். சில மென்பொருள்கள் முப்பதையும் ஒருமுறை அவிழ்த்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு தலைகீழாகக் காட்டும். அப்போது சற்று ஓடி, சற்று நின்று, ஓர் ஒழுங்கான தாளத்தில் திக்கும்.

ஆகவே, முதலில் சோதிக்கவேண்டியது: அத்துண்டை முன்னோக்கி ஓட்டிப் பார்க்க. அப்போதும் திக்கினால் குற்றம் கணினியினுடையதோ வட்டினுடையதோ ஆகலாம். திருப்புதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்து, வேலையை முடித்துத் தனிக்கோப்பாக வெளியிட்டுப் பார்க்க. வெளியான கோப்பு சீராக ஓடினால் குறை முன்னோட்டத்தில் மட்டுமே, யாரும் கலங்கவேண்டியதில்லை. இவ்வொரு சோதனையைச் செய்யாமல் இரவெல்லாம் விழித்தவர் பலர்.

முன்னோட்டமும் சீராக வேண்டுமெனில், திருப்பிய பகுதியை மட்டும் மென்பொருளிலேயே முன்கூட்டி உருவாக்கச் செய்க. பிரீமியரில் காலக்கோட்டின் மேலுள்ள சிவப்புக் கோடு பச்சையாக மாறும், ரிசால்வில் நீலமாகும். இன்னும் எளிய வழி, திருப்பிய துண்டைத் தனிக்கோப்பாக வெளியிட்டு, அதனையே மீண்டும் உள்ளே கொணர்வது. அந்தக் கோப்பில் தேங்காய் சேர்வதே முன்னோக்கிய ஓட்டம் ஆகிவிடும்.

பல துண்டுகளைத் திருப்புவோர், எல்லாம் முதற்படமாகவே அமையும் புரோரெஸ் போன்ற வடிவுக்கு முன்பே மாற்றிக்கொள்வது நன்று. இடம் மிகுதியாகப் பிடிக்கும்: நொடிக்கு 25 படம் என்னும் கணக்கில் புரோரெஸ் 422 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 மெகாபைட். மூலக்கோப்பை அழித்துவிடலாகாது. முன்னோட்டத்தின் தெளிவைப் பாதியாகவோ காலாகவோ குறைக்கச் சொல்வாரும் உண்டு, எச்.264 கோப்பில் அது அவிழ்க்கும் சுமையைப் பெரிதும் குறைப்பதில்லை.

வெளியிட்ட கோப்பிலும் திக்கல் இருந்தால் காரணம் வேறு. மலேசியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 படம் என்னும் முறையைப் பின்பற்றுவது. கைப்பேசிகளோ பெரும்பாலும் 30 பிடிப்பவை. 30-ஐ 25-இல் அடைத்தால் நொடிக்கு ஐந்து படம் உதிர்ந்து, அசைவு துள்ளும். தொலைக்காட்சிக்கு அனுப்பும் எண்ணம் இல்லையெனில் காலக்கோட்டையே 30-ஆக அமைத்துக்கொள்க. அன்றியும், கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்பப் படவேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பிடிப்பதுண்டு. இரவு ஊர்வலத்தில் இது மிகுதி. அத்தகைய கோப்பை ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் மாறா வேகத்துக்கு மாற்றி, அதன் பிறகே திருப்புக.