மலைவீதியும் மோட்டார் வண்டியின் முன்கால்களும்

நுவரெலியாவுக்குச் சென்று மீள்வோர் அந்நகரின் குளிரையும் தேயிலை மலைகளின் பசுமையையும் புகழ்வர். ஆயின், தம்மைச் சுமந்து சென்ற மோட்டார் வண்டி வழியில் என்ன பாடுபட்டது என்று எண்ணுவோர் மிகச் சிலரே. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரை அடைய, கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாகவோ, ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாகவோ எத்தனையோ வளைவுகளைக் கடத்தல் வேண்டும். தோட்டங்களுக்குள் பிரியும் கற்பாதைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அத்தகைய பாதைகளில் விரைந்து தேயும் உறுப்புகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு கூறப் புகுகின்றோம்.

மோட்டார்த் தொழிலாளர் அதனை ‘ஷொக் அப்சோபர்’ என்பர். சுருள்வில்லுடன் சேர்ந்து ஒரே உறுப்பாகச் சக்கரத்தின் மேல் நிற்பதை ‘ஸ்ட்ரட்’ என்பர். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது சுருள்வில் அமுங்கி அந்த மோதலை ஏற்கிறது. ஆனால், அமுங்கிய வில் சும்மா இராது; மீண்டும் மீண்டும் துள்ளும். அத்துள்ளலை அடக்குவதற்காக, ஸ்ட்ரட்டினுள் இருக்கும் முசலம் எண்ணெயைச் சிறு துளைகளினூடே தள்ளுகிறது. துள்ளலின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது. சக்தி அழிவதில்லை, உருமாறுகிறது என்று பௌதிக வகுப்பில் படிக்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இவ்வமைப்பை உருவாக்கியவர் மக்பேர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1950இல் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஃபோர்ட் கொன்சல், செஃபிர் வண்டிகளில் இது இடம்பெற்றது. இன்று நம் வீதிகளில் ஓடும் சுசுகி அல்டோ, வகன் ஆர் போன்ற சிறு வண்டிகளின் முன்சக்கரங்களிலும் இதுவே உள்ளது. பழைய மொறிஸ் மைனர் வண்டியின் அமைப்பு வேறு. அதற்குக் கீழ்க்காணும் முறை பொருந்தாது.

ஸ்ட்ரட் தேய்ந்தால் பயணச் சுகம் மட்டுமே குறையும் என்பது பலரது எண்ணம். அது பெரும் பிழை. பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவதோ டயர் நிலத்தைப் பற்றும் பிடியே. தேய்ந்த ஸ்ட்ரட்டின் மேல் துள்ளும் சக்கரம் அப்பிடியைக் கணந்தோறும் இழக்கிறது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்லப் பகுதியில் பஸ், வேன், முச்சக்கர வண்டி ஆகியன மோதி எழுவர் உயிரிழந்ததை நாம் மறந்திலோம். அத்துயரை இவ்வுறுப்போடு நாம் தொடர்புபடுத்தவில்லை. எனினும் மலைச்சரிவு பிழை பொறுப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கிற்று. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணுவதன்றிப் பல குடும்பங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. வீட்டு முற்றத்திலேயே திருத்தும் பழக்கமும் பலரைப் பற்றிக்கொண்டது. அது நற்பழக்கமே, ஆயின் அதற்கும் ஓர் எல்லையுண்டு.

முதலில் நோயை அறிக. வண்டியின் முன்மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்காமல் தொடர்ந்து ஆடுகிறதா? ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய் கசிந்திருக்கிறதா? டயர் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்துள்ளதா? பிரேக் பிடிக்கையில் வண்டியின் மூக்கு மிகத் தாழ்கிறதா? இவற்றுள் ஒன்று காணினும் ஆராய்தல் நன்று. மாற்றுவதாயின் இடம், வலம் இரண்டையும் ஒருங்கே மாற்ற வேண்டும்.

சமநிலத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின்னரே ஜக்கினால் உயர்த்துக. உடனே உறுதியான தாங்கு கால்களின் மேல் வண்டியை அமர்த்துக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகுவோர் உயிரோடு விளையாடுவோர். சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டில் பிணைத்துள்ள பிரேக் குழாயை விடுவித்து, கீழ்ப் போல்ட்டுகள் நின்ற நிலையை வர்ணத்தால் குறித்துக்கொள்க. குழாய் இழுபடாதவாறு சக்கரம் பூட்டப்படும் பகுதிக்கு முட்டுக் கொடுத்து, அப்போல்ட்டுகளையும், பின்னர் வண்டியின் உடலோடு ஸ்ட்ரட்டின் தலையைப் பிணைக்கும் சிறு நட்டுகளையும் கழற்றினால் ஸ்ட்ரட் கைக்கு வரும்.

ஈண்டுதான் எச்சரிக்கை வேண்டும். ஸ்ட்ரட்டின் உச்சியில், நட்ட நடுவே ஒரு பெரிய நட்டு உண்டு. வண்டியில் பூட்டியிருக்கையிலும் சரி, வெளியே எடுத்த பின்னரும் சரி, அதனைத் தொடாதீர்கள். அமுங்கிய சுருள்வில்லை அடக்கி வைத்திருப்பது அதுவே. உரிய கருவியால் வில்லை முதலில் அமுக்காமல் அதனைக் கழற்றினால், வில் பாய்ந்து கைகால்களை முறிக்கும், உயிரையும் பறிக்கும். கயிறும் கம்பியும் அக்கருவிக்கு ஈடாகா.

ஆதலின் ஓர் எளிய வழியுண்டு. கழற்றும் வேலையை வீட்டிலே செய்யுங்கள். ஸ்ட்ரட்டைக் கராஜுக்குக் கொண்டுசென்று வில்லை மட்டும் அங்கே மாற்றுவியுங்கள். மீண்டும் கொணர்ந்து நீங்களே பூட்டுங்கள். அவ்வேளையில் மேலேயுள்ள றப்பர்த் தாங்கியும் பெயாரிங்கும் பழுதெனில் அவற்றையும் மாற்றுதல் சிக்கனம். நட்டுகளை வண்டிக் கைநூலில் கூறிய அளவுக்கு இறுக்கி, சக்கரங்களின் நேரமைப்பைக் கராஜில் சரிபார்த்த பின்னரே மலையிறங்குக.

தன் கையால் செய்யும் வேலையில் சிக்கனமும் மகிழ்ச்சியும் உண்டு. எந்த நட்டைத் தொடலாகாது என்று அறிந்தவனே அவ்விரண்டையும் நெடுநாள் அனுபவிப்பான்.