நாயுண்ணி குடியிருக்கும் சுவர்

திருகோணமலையின் கட்டைபறிச்சானில் வளவு ஒன்றில் நாய் ஓயாமல் காதைச் சொறியத் தொடங்கினால், வீட்டாரின் கை முதலில் போவது மண்வெட்டிக்குத்தான். புல்லைச் செருக்கி, சருகைக் கூட்டி எரித்து, வேலியோரப் பற்றையையும் வெட்டித் தள்ளுவார்கள். சில கிழமைகளில் அதே காதுமடலுக்குள் உண்ணிகள் மறுபடியும் வரிசை கட்டியிருக்கும். அவை இத்தனை நாளும் நாய் படுக்கிற விறாந்தைச் சுவரின் வெடிப்புக்குள் இருந்தன. மண்வெட்டி அங்கே போகவே இல்லை.

உண்ணி என்று ஒரே பேரில் அழைத்தாலும் அதில் பல இனங்கள் உண்டு. மூதூருக்கும் சம்பூருக்கும் நடுவிலுள்ள இந்தப் பக்கத்தில் வயலும் மேய்ச்சல் தரையும் பற்றைக்காடும் குடிமனைகளை ஒட்டியே கிடக்கின்றன. மாடு, எருமை, காட்டுப்பன்றி எல்லாம் தத்தம் உண்ணிகளோடு திரிகின்றன. அவற்றில் புல்நுனியில் ஏறிக் காத்திருக்கும் இனங்களுக்குப் புல்வெட்டு சரியான மருந்து. ஆனால் வீட்டு நாயில் பெருகுவது பெரும்பாலும் 1806இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் விவரித்த பழுப்பு நாயுண்ணி. ரைபிசெபாலஸ் சாங்குவினியஸ் என்பது அவர் வழிவந்த விலங்கியற் பெயர். நாய்க்கு மனிதர் கொடுத்த கூரையின் கீழேயே பிறந்து, பெருகி, செத்துப்போகக்கூடிய உண்ணி இது. வெளிக்காடு இதற்குத் தேவையே இல்லை.

இதன் வாழ்நாளில் மூன்றே சாப்பாடு. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு நாயில் ஏறி, சில நாள் இரத்தம் குடித்து விழும். ஒளிந்திருந்து தோலுரித்து எட்டுக் காலோடு வந்து மீண்டும் ஏறும். ஐந்து முதல் பத்து நாள் குடித்து விழும். இன்னொரு தடவை தோலுரித்து முதிர்ந்தபின் மூன்றாம் முறை ஏறும். பெண் உண்ணி ஒரு கிழமையோ அதற்குச் சற்று மேலோ குடித்து, ஆமணக்கு விதைபோல் ஊதி விழுந்து, வெடிப்பொன்றைத் தேடிப்போய் 4,000 முட்டை வரை இட்டுச் செத்துவிடும். வெக்கையான ஊரில் இந்தச் சுற்று இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடிந்துவிடும். அதில் நாயின்மேல் கழிவது சில கிழமைகள் மட்டும். நாய் கிடைக்காவிட்டால் முதிர்ந்த உண்ணி பட்டினியோடு ஒன்றரை ஆண்டு வரைகூடப் பிழைத்திருக்கும்.

கச்சான் காற்று மண்ணின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் மாதங்களில் உண்ணி தண்ணீருக்கு என்ன செய்கிறது? காற்றிலிருந்தே எடுக்கிறது. உப்புச் செறிந்த உமிழ்நீரை வாயில் கசியவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு சேர்த்து உமிழ்நீரைத் திரும்ப விழுங்கிவிடும். காற்று அசையாத வெடிப்புக்குள் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். நாய் வந்து படுத்ததை அறிய அதற்குக் கண் வேண்டியதில்லை. முன்னங்கால்களில் உள்ள ஹாலர் உறுப்பு என்னும் நுண்குழி, நாயின் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டையும் உடற்சூட்டையும் மணத்தையும் பிடித்துக் கொடுத்துவிடும்.

ஆகவே வளவைக் காப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சுவரை. இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. பூச்சுப் பூசாத சீமெந்துக்கல் சுவர், கதவு நிலை, யன்னல் ஓரம், நாய்க்கூட்டின் பலகைப் பொருத்து, கூரை வளை எல்லாம் அதன் குடியிருப்புகள். சாணமும் மண்ணும் குழைத்து அடிக்கடி மெழுகிய வீடுகளில் வெடிப்புகள் தாமாகவே அடைபட்டன. இப்போது அதையே சீமெந்தாலும் தடித்த சுண்ணாம்பாலும் செய்யலாம். தரை வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றலாம். நாய் படுக்கும் சாக்கைக் கிழமைக்கொரு தடவை கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவிட்டு, சுவரிலிருந்து தள்ளிப் போடலாம்.

அடுத்தது கையால் எடுப்பது. பெண் உண்ணி ஊதி முடிக்க ஏறத்தாழ ஒரு கிழமை வேண்டும் என்பதால், இரண்டு நாளுக்கொரு தடவை காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்ப்பவரிடமிருந்து அது தப்புவது கடினம். விழுமுன் எடுத்த ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கான முட்டைகளைத் தன்னோடு கொண்டுபோகிறது. தோலுக்கு அருகே சாமணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக்கூடாது, அதன் உடலில் நோய்க்கிருமி இருக்கலாம்.

கோழிகளும் உதவும். கென்யாவின் ருசிங்கா தீவில் நடந்து 1990களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வொன்றில், உண்ணி பிடித்த மாடுகளிடையே ஒரு மணிநேரம் வரை மேய்ந்த நாட்டுக்கோழிகளின் இரைப்பையைத் திறந்து எண்ணினார்கள். கோழியொன்றுக்குச் சராசரி 81 உண்ணிகள். மாட்டுப்பட்டி உள்ள வளவுக்கு இது பெரிய செய்தி. ஆனால் கூரை வளையில் ஒளிந்த நாயுண்ணியைக் கோழி எட்டாது. விழுந்து ஊர்ந்து போகிறதை மட்டுமே கொத்தும்.

உண்ணியின் பரம எதிரி ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள குளவி. 1908இல் ஹவார்ட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், டெக்சாஸில் நாயொன்றிலிருந்து எடுத்த உண்ணிகளுக்குள்ளிருந்து வெளிவந்த குளவியை விவரித்தார். அது இளம் உண்ணிக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உண்ணியை உள்ளிருந்தே தின்று வெளியேறும். 1926இல் மாசசூசெட்ஸின் நௌஷன் தீவில் இந்த இனக் குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். குளவி குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தது; உண்ணியும் பிழைத்தது. இரையை முழுக்க அழித்தால் குளவிக்கும் வாழ்வில்லை என்பதால் இயற்கை எதிரிகளிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

வேம்பிலும் இதே அளவான நம்பிக்கை போதும். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் தோலுரிப்பையும் முட்டை பொரிவதையும் குழப்பும். ஆனால் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். வெடிப்புக்குள் வேப்பெண்ணெய்க் கரைசலைத் திரும்பத் திரும்ப அடித்தால்தான் பலன். மண்ணெண்ணெய் நாயின் தோலைப் புண்ணாக்கும். வெள்ளைப்பூட்டைத் தின்னக் கொடுத்தால் இரத்தம் கெடும். காய்ச்சல், வெளிறிய முரசு, மூக்கில் இரத்தம் கண்டால் வளவு வைத்தியத்தை விட்டு மிருக வைத்தியரிடம் போக வேண்டும். உண்ணி பரப்பும் ஏர்லிக்கியா, பபீசியா நோய்களாக இருக்கலாம்.

இது நாயோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2020இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் ஆய்வாளர்கள் நாயையும் மனிதரையும் இரு பெட்டிகளில் இருத்தி, நடுவே குழாயில் இந்த உண்ணிகளை விட்டுப் பார்த்தார்கள். 23 பாகையிலிருந்து 38 பாகை செல்சியசுக்குச் சூடு ஏறியபோது, வெப்பநாட்டு வகை உண்ணிகளுக்கு மனிதர் பக்கம் நாட்டம் கூடியது. கச்சான் காலத்தில் திருகோணமலையின் வெயில் 35 பாகையைத் தாண்டும்.

ஆகவே வெடிப்படைப்பும் உண்ணியெடுப்பும் அந்தக் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கட்டும். சுற்று ஒன்று முழுதாக அறுபட அவ்வளவு நாள் வேண்டும். வேலிக்கடியால் வந்து விறாந்தையில் படுத்துப் போகும் அடுத்த வளவு நாய்க்கும் அதே கவனிப்பு வேண்டும். அது விட்டுப்போகும் ஒரு பெண் உண்ணி போதும், அடைக்காத வெடிப்பில் மறுபடி 4,000 முட்டைக்கு.