பழைய மிதிவண்டிகளைப் போற்றுவோர்

தேய்ந்து துருவேறிய மிதிவண்டி ஒன்று வீட்டின் பின்புறச் சுவரில் சாய்ந்து கிடக்குமாயின், அதனைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுதலே உலகத்தார் வழக்கம். ஆனால் அத்தகைய வண்டியைக் கண்டதும் வழிநடையை மறந்து நின்றுவிடுவோரும் சிலர் உளர். அவர்கள் குனிந்து, இருக்கைக்குக் கீழுள்ள குழலைத் துணியால் துடைத்து, அங்கே பொறிக்கப்பட்ட எண்ணைப் படிப்பர். பின் சக்கரத்தின் நடுக்குடத்தைத் திருப்பிப் பார்ப்பர். பின்னர், "இச்சக்கரம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் செய்யப்பட்டது" என்று கூறுவர். வண்டிக்கு உடையவர் வியப்படைவார். அவருக்கே அச்செய்தி தெரியாது. இவ்வறிவு அவர்களுக்கு எங்ஙனம் வந்தது, இரும்புக் குவியலுக்குச் செல்லவேண்டிய பொருளை அவர்கள் ஏன் போற்றுகின்றனர் என்பவற்றை இங்குக் காண்போம்.

மிதிவண்டியின் வரலாறு மிக நெடியதன்று. 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், ஜெர்மானியராகிய கார்ல் வான் டிரைஸ் என்பவர், மரத்தால் இயன்ற இரு சக்கர ஊர்தியின்மேல் அமர்ந்து, நிலத்தைக் கால்களால் உந்தியவாறு மான்ஹைம் நகரினின்றும் புறப்பட்டார். அவ்வூர்திக்கு மிதிகட்டை இல்லை. 1860-களில் பாரிஸ் நகரத்தார் முன் சக்கரத்தின் அச்சில் மிதிகட்டைகளைப் பொருத்தினர். மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும் கொண்ட அவ்வண்டி கல் பாவிய தெருக்களில் ஓடுங்கால், ஏறியிருப்பவரின் உடம்பு முழுவதும் அதிர்ந்தது. ஆங்கிலேயர் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயரிட்டுவிட்டனர்.

அதற்குப் பின் வந்தது நெடுஞ்சக்கர வண்டி. முன் சக்கரம் ஆளுயரம் நெருங்கும். பின் சக்கரமோ மிகச் சிறியது. படத்தில் காண்போர்க்கு இது நகைப்பை விளைவிக்கும். ஆயினும் அச்சக்கரம் அத்துணைப் பெரிதானதற்குத் தக்க காரணம் உண்டு. அவ்வண்டிக்குச் சங்கிலி இல்லை. மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். ஆகவே விரைந்து செல்ல விரும்பியவர்க்குச் சக்கரத்தைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை. 54 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 14 அடி தொலைவு செல்லும். ஏறுவோரின் கால் நீளமே சக்கரத்தின் பெருமைக்கு எல்லையாயிற்று. வழியில் ஒரு சிறு கல் தடுத்தாலும் மனிதர் தலைகுப்புற விழுவர். அக்காலத்து வீரர்கள் இவ்விடரைப் பொருட்படுத்தவில்லை. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-ஆம் ஆண்டில் அத்தகைய வண்டியில் சான்பிரான்சிஸ்கோவினின்றும் கிளம்பி, உலகைச் சுற்றிவந்து, 1886-இல் தம் பயணத்தை முடித்தார்.

அந்நெடுஞ்சக்கரம் மறைந்தும் அதன் அளவு மறையவில்லை என்பது ஒரு புதுமை. ஆங்கிலேயர் தம் மிதிவண்டியின் விரைவுப் பெருக்கத்தை அங்குலத்தால் கூறும் வழக்கம் உடையவர். 28 அங்குலச் சக்கரமுள்ள வண்டியில், முன் பற்சக்கரத்துக்கு 48 பற்களும் பின் பற்சக்கரத்துக்கு 18 பற்களும் இருப்பின், 28-ஐ 48-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்து, 'ஏறத்தாழ 75 அங்குலம்' என்பர். 75 அங்குல விட்டமுள்ள நெடுஞ்சக்கரத்தை மிதிப்பதற்கு அஃது ஒப்பாகும் என்பதே பொருள். அவ்வளவு பெரிய சக்கரத்தின் இருபுறமும் கால் எட்டும் மனிதரைக் காண்பது அரிது. கணக்கில் மட்டும் நாம் அனைவரும் அதனை நாள்தோறும் ஓட்டுகிறோம்!

1885-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ ஒத்த இரு சக்கரங்களும், பின் சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் அதில் அமைந்தன. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்கென உருவாக்கிய காற்றடைத்த ரப்பர்க் குழாய்க்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இவ்விரண்டும் கூடியபின், மிதிவண்டியின் வடிவில் பெரிய மாறுதல் வேண்டியிருக்கவில்லை. நூறாண்டுக்கு முற்பட்ட மோட்டார் வண்டியை ஓட்டப் புதிதாய்க் கற்றுக்கொள்ளவேண்டும். அதே வயதுடைய மிதிவண்டியிலோ, பள்ளிச் சிறுவன் ஒருவன் இன்றே ஏறிச் செல்லலாம். பழைய மிதிவண்டியின் தனிச்சிறப்பு இதுவே. அது கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கும் பொருள் மட்டுமன்று, எண்ணெயிட்டால் ஓடும்.

இவ்வண்டிகளைப் போற்றுவோர் 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு கழகம் அமைத்தனர். பழம் மிதிவண்டிக் கழகம் என இன்று வழங்கும் அது, 'எலும்பு குலுக்கி' என்னும் பெயராலேயே ஓர் இதழையும் நடத்தி வருகிறது. தொழிற்சாலைகள் பல மூடப்பட்டுவிட்டமையால், எந்த வண்டி எந்த ஆண்டினது என்று கேட்டறிய இடமில்லை. ஆகவே உறுப்பினரே பழைய விலைப்பட்டியல்களைத் தேடித் திரட்டினர். இவ்வகை வண்டிக்கு இன்னார், அவ்வகை வண்டிக்கு இன்னார் என்று அறிஞர் பலர் தோன்றினர். ஒரு வண்டியின் எண்ணை எழுதி அனுப்பினால், அவர்கள் தம் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டு விடை கூறுவர்.

தொடக்கத்தில் கூறிய அக்டோபர்த் திங்களின் மறை இப்போது விளங்கும். நாட்டிங்காம் நகரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம், மூவகை விரைவு தரும் பற்சக்கரங்களைப் பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடக்கி அமைத்தது. அக்குடங்கள் பலவற்றின் மேல் 52 என்றும் 10 என்றும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னது ஆண்டு, பின்னது திங்கள். ஆயினும் இதனால் வண்டியின் வயதையே அறிந்துவிட்டதாக எண்ணுதல் தவறு. சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். சட்டத்தின் எண், விளக்குக் கொண்டியின் வடிவம், முகப்பிலுள்ள முத்திரைத் தகடு ஆகிய அனைத்தும் ஒத்துச் சான்று பகர்ந்தாலன்றி, தேர்ந்தவர் தீர்ப்புக் கூறமாட்டார். உலோகப் பூச்சும் ஒரு சான்றாகும். ஏறத்தாழ 1930-க்கு முற்பட்ட வண்டிகளின் பளபளப்பான உறுப்புக்கள் நிக்கல் பூசியவை. அதன் பின்னரே குரோமியப் பூச்சுப் பரவியது. நிக்கலின் ஒளி சற்றே மஞ்சள் கலந்தது. குரோமியத்தின் ஒளி நீலம் தோய்ந்தது. 1910-ஆம் ஆண்டு வண்டிக்குக் குரோமியம் பூசி மகிழ்பவரைக் கண்டால், அறிந்தோர் முகம் சுளிப்பர்.

பழுது பார்த்தலில் அறியாமை பெருந்தீங்கு விளைவிக்கும். ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. மிதிகட்டைகளின் அச்சைத் தாங்கும் கிண்ணங்கள், சட்டத்தின் அடிக்குழலில் மரை மூலம் திருகப்படுவன. ஆங்கில வண்டிகள் பெரும்பாலானவற்றில் அம்மரை ஓர் அங்குலத்துக்கு 24 சுற்றுக்கள் உடையது. ராலி நிறுவனம் செய்த வண்டிகள் பலவற்றிலோ 26 சுற்றுக்கள். விட்டத்தில் இரண்டும் ஒன்றே போல்வன. ஆதலின் தவறான கிண்ணமும் முதலில் எளிதாக நுழையும். பின்னர் இறுகும். இறுகுவது துருவினால் என்று எண்ணி ஒருவர் நீண்ட திருகுகோலால் வலிந்து திருகுவாராயின், குழலின் உள்மரை சிதைந்துபோம். ஐம்பது அறுபது ஆண்டுகள் மழையையும் வெயிலையும் பொறுத்து நின்ற சட்டம், அரை நிமிட அவசரத்தால் பாழாகும். மிதிதண்டைப் பிணைக்கும் காட்டர் ஆணியைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பதும் இத்தகையதே. ஆணி வளையும், அதிர்ச்சியால் உள்ளிருக்கும் குண்டுகளின் தடமும் பழுதுபடும். பொறுமையுடையோர் அழுத்துகருவியால் அதனை மெல்ல நெட்டித் தள்ளுவர்.

இவ்வன்பர்களிடையே தீராத வழக்கு ஒன்றுண்டு. கிடைத்த வண்டியைச் சுரண்டி, புது வண்ணம் பூசி, கடையினின்றும் அன்றே வந்ததுபோல் ஆக்குவதா? அன்றி, கிடைத்தவாறே வைத்து, ஓடும் உறுப்புக்களை மட்டும் செப்பனிடுவதா? புதுக்குவோர், "வண்டியைச் செய்தவர் அதனை மின்னும் பொருளாகவே செய்தார், துருவையும் அழுக்கையும் வணங்குவது பேதைமை" என்பர். மறுதரப்பார் கூறுவதையும் கேளுங்கள். கறுப்பு எனாமலில் தோய்த்துச் சூளையில் காய்ச்சிய அப்பழைய பூச்சின்மேல், பொன்னிறக் கோடுகளைத் தொழிலாளர் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தனர். கோடு தொடங்குமிடத்தில் சற்றே தடித்தும், முடியுமிடத்தில் மெலிந்தும் இருக்கும். அது பெயர் அறியப்படாத ஒருவரின் கையெழுத்து. சுரண்டிவிட்டால் அதனை மீட்க எவராலும் இயலாது. புதுப்பூச்சை எப்போது வேண்டுமானாலும் பூசலாம்; பழம்பூச்சு ஒருமுறைதான் வாய்க்கும்.

என் கருத்து இரண்டாம் தரப்பின் பாற்பட்டது. துரு சட்டத்தைத் துளைத்துவிட்டதாயின், வண்ணம் பூசியேனும் அதனைக் காத்தல் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பல வண்டிகளில் துரு என்று நாம் கருதுவது, எண்ணெயும் புழுதியும் சேர்ந்து இறுகிய படலமே. மென்மையான துணியில் எண்ணெய் தோய்த்து, ஒரு மூலையில் மெல்லத் தேய்த்துப் பார்த்தல் நன்று. கருமை விலக விலக, மெல்லிய பொற்கோடு ஒன்று தலைகாட்டும். அதனைத் தொடர்ந்து நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்து, பிறகு மற்றோரெழுத்து. அவ்வின்பத்தை ஒருமுறை நுகர்ந்தவர் உப்புத்தாளைக் கையால் தொடார். தோல் இருக்கைக்கு மட்டும் எண்ணெய் ஆகாது. எண்ணெயில் ஊறிய தோல் தளர்ந்து தொய்யும். அதற்கென ஆக்கிய மெழுகைச் சிறிதளவு தடவுதலே முறை.

போற்றுதல் என்பது துடைத்து வைப்பதோடு அமைவதன்று, ஓட்டவும் வேண்டும். டாஸ்மேனியாத் தீவின் எவன்டேல் என்னும் சிற்றூரில் 1983 முதல் நெடுஞ்சக்கர வண்டிப் பந்தயம் நடைபெற்று வருகிறது. இவற்றினும் புகழ்பெற்றது, இத்தாலி நாட்டுத் தஸ்கனிப் பகுதியில், கயோலே என்னும் ஊரில் தொடங்கும் 'எரோய்கா' பயணம். 'வீரம் செறிந்தது' என்பது அச்சொல்லின் பொருள். அதன் தோற்றம் கேட்கத்தக்கது. அந்நாட்டின் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே வெண்ணிறச் சரளைப் பாதைகள் ஓடுகின்றன. அவை மீது தார் பரவிவிட்டால் பழைய நாட்டுப்புறமே மறைந்துவிடும் என்று ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் அஞ்சினார். அப்பாதைகளின் அருமையை மக்களுக்கு உணர்த்தும் பொருட்டு, 1997-ஆம் ஆண்டில் அவர் ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். 92 பேர் கலந்துகொண்டனர். பின்னர் அது பல்லாயிரவர் கூடும் விழாவாக வளர்ந்தது.

அங்கே ஓட்டப்படும் வண்டி 1987-க்கு முற்பட்ட வகையினதாய் இருத்தல் வேண்டும். பல்மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழலில் இருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது ஒரு கையை விட்டுக் குனிந்து அதனைத் திருப்பவேண்டும். கம்பளி மேலாடை அணிந்து, மாற்றுச் சக்கர உறையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, விடியுமுன்பே விளக்கொளியில் பலர் புறப்படுவர். இடைத் தங்குமிடங்களில் ரொட்டியும் காய்கறிச் சாறும் திராட்சை மதுவும் வைத்திருப்பர். சரளையில் சறுக்கி விழுவோரும், செங்குத்தான ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோரும் பலர். வெண்புழுதி படிந்த முகத்தோடு திரும்பும் அவர்களுள் முதலில் வந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அப்பாதைகளின் புகழ் பரவவே, தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் 2007-இல் அவற்றின்மேல் தொடங்கப்பட்டது. பழைய மிதிவண்டி, தான் ஓடிய பாதையையும் காத்துக்கொண்டது.

இந்தோனேசியாவில், டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் வந்திறங்கிய கனத்த கரிய வண்டிகளை 'ஒந்தெல்' என்பர். ஜாவாத் தீவில் அவற்றை உடையோர் குழுக்களாகக் கூடி, பழங்கால உடைகளையும் அணிந்துகொண்டு, நகர வீதிகளில் வரிசையாகச் செல்லும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும்.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சென்னையை அடுத்த அம்பத்தூரில், பர்மிங்காம் நகரத்து நிறுவனத்தின் கூட்டுறவோடு 1949-இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை, ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. நீண்ட இரும்புக் கம்பிகளால் இயங்கும் தடை, முழுமையாக மூடிய சங்கிலி உறை, பின்னே அகன்ற பாரந்தாங்கி ஆகியவற்றையுடைய அத்தகைய வண்டிகளில், பால் குடங்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிச் சென்றோர் எண்ணிறந்தோர். அவற்றுள் சில இன்னும் சிற்றூர்களில் ஓடுகின்றன. அவற்றை உடைய முதியவர் தம்மைப் பழம்பொருள் காப்பவர் என்று கருதுவதில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது, ஆகவே வைத்திருக்கிறார். மரத்தடியில் கடை வைத்திருக்கும் பழுது பார்ப்பவர், வளைந்த சக்கரத்தைக் கண்ணளவாலேயே நேராக்குவார். எந்த ஆரக்கம்பியை எத்துணை முறுக்குவது என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். விலைப்பட்டியல்களில் காணக் கிடையாத அக்கைத்திறனை, அருகிருந்து கற்றுக்கொள்வோர் குறைந்து வருகின்றனர்.

அத்தகைய வண்டி ஒன்று உங்கள் வீட்டில் கிடக்குமாயின், அதன் கைப்பிடித் தண்டை நன்றாகப் பாருங்கள். நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கு வரி வாங்கிக்கொண்டு, உலோக வில்லை ஒன்றைக் கொடுத்த காலம் உண்டு. அழுக்குப் படிந்த அவ்வில்லை இன்னும் அங்கே தொங்கினால், அதனைக் கழற்றிவிடாதீர்கள். ஊரின் பெயரும் வரி செலுத்திய ஆண்டும் அதில் இருக்கும்.