பத்து மணிக்குள் போய்விடுங்கள்

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் அருண்டேல் தெருவில், காலை ஏழு மணிக்கு நாலைந்து பேர் சுவரோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தால், ராயர் மெஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவர் கையில் செய்தித்தாள் இருக்கும். இன்னொருவர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு வியர்வையோடு வந்திருப்பார். உள்ளே இடம் சிறிது. ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி.

1940களில் தொடங்கிய கடை இது. தலைமுறைகள் மாறியும் பட்டியல் நீளவில்லை. இட்லி, பொங்கல், மெதுவடை, தோசை, காபி. அட்டை எதையும் நீட்ட மாட்டார்கள். இருப்பதைப் பரிமாறுகிறவர் வாயால் சொல்லுவார். இட்லிக்குக் கெட்டிச் சட்னி வரும். தேங்காயும் பச்சை மிளகாயும் நீர் அதிகம் சேராமல் அரைபட்டு, இலையில் வைத்த இடத்திலேயே நிற்கும். இந்தச் சட்னிக்காகவே பெசன்ட் நகரிலிருந்து வண்டி எடுத்து வருகிறவர்கள் உண்டு. பத்து, பத்தரைக்கு மேல் போனால் அடுப்பு அணைந்திருக்கும்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கர்வம் என்று நினைப்பதுண்டு. கர்வம் இல்லை, எல்லாம் மாவு படுத்தும் பாடு.

அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்த மாவில் லூக்கனோஸ்டாக் வகை பாக்டீரியாக்கள் பெருகி, கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அந்தக் காற்றை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லி பூப்போல எழும்புகிறது. சென்னையின் வெப்பத்தில் ராத்திரி கரைத்த மாவு விடியற்காலையில் சரியான பதத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பு ஓங்கும். அப்புறம் அது ஊத்தப்பத்துக்குத்தான் லாயக்கு. தேங்காய்ச் சட்னியும் கடற்கரை ஊரின் புழுக்கத்தைத் தாங்காது. பொங்கலின் கதை வேறு: பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, நெய்யில் பொரிந்த மிளகும் சீரகமும் முந்திரியும் சேர்ந்து இறங்கிய அரை மணிக்குள் அது சாப்பிடப்பட வேண்டும். ஆறினால் இறுகும். இறுகியதை வெந்நீர் விட்டுத் தளர்த்தினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். குளிர்பெட்டியும் கொதிகலனும் வைத்திருக்கும் பெரிய ஓட்டல்கள் இரவு பதினொரு மணிக்கும் இட்லி கொடுக்கும். பசிக்கு அது போதும். ருசி தேடிப் போகிறவருக்கு இந்த நகரம் தரும் நேரம் ஏழிலிருந்து பத்து வரைதான்.

மாட வீதிகளைச் சுற்றி வந்தால் இதே கணக்கில் நடக்கும் கடைகள் இன்னும் கிடைக்கும். கிழக்கு மாட வீதியில் 1950களில் தொடங்கிய கற்பகாம்பாள் மெஸ் அடைக்கும் அவியலுக்கும் பேர்போனது. ஆனால் எது எந்த வேளைக்கு என்பதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். காலையில் போய் அடை கேட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே பொங்கலும் பஜ்ஜியும் வெளியே வந்ததால், கடைக்கு ‘ஜன்னல் கடை’ என்றே பெயர் நிலைத்தது. தட்டை வாங்கிக்கொண்டு தெருவில் நின்று சாப்பிட வேண்டியதுதான். கபாலீஸ்வரர் கோயில் காலை பூஜை முடித்து வரும் மாமாக்களும், டிபன் டப்பாவோடு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் அங்கே ஒரே வரிசை.

இப்படியெல்லாம் எழுதும்போது, காலை டிபன் என்பது பல்லவர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் போலத் தோன்றும். அப்படி இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் காலை உணவு என்றால் பழைய சோறும் நீராகாரமும்தான். அதைக் காபி எப்படி ஓரங்கட்டியது, அதற்கு எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். மயிலாப்பூர் வக்கீல் வீடுகளில் விடிந்ததும் காபி. ஒன்பதரை, பத்துக்குள் சோறு, குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு. அதை முடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குக் கிளம்புவார்கள். டிபன் பிற்பகல் சமாசாரம். ஆக, இன்று கபேக்களில் பதினொரு மணிக்குக் காலையையும் மதியத்தையும் சேர்த்துச் சாப்பிடும் ‘பிரன்ச்’, தாத்தாக்களின் பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பேரன் முறைதான்.

காலையிலேயே இட்லி, தோசை என்ற பழக்கத்தை ஊர் முழுக்கப் பரப்பியதில் ஓட்டல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதிலும் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு. அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கே. கிருஷ்ண ராவ். எடுபிடி வேலையில் வாழ்க்கையைத் தொடங்கி, 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தவர். இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் நியூ உட்லண்ட்ஸ் அதற்குப் பின் வந்தது. 1962இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் வந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் கதவில் தட்டை மாட்டி மசால் தோசை கொடுத்தார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே உட்கார்ந்து ஒரு காபியில் மணிக்கணக்காகச் சினிமாவும் அரசியலும் பேசினார்கள்; யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. 2008இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் இந்த நகரம் டிபனுக்காக இழந்த இடங்களில் அதுதான் பெரிய இழப்பு.

ஓட்டல் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. உணவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் பலகை அப்படி இல்லை. கடைப் பெயரோடு ‘பிராமணாள்’ என்று எழுதி வைத்திருந்த காலம் அது. அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் அறிவித்த போராட்டத்தில், 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் பலகை மாறியது. அதே திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில், இட்லி மூழ்கும் அளவுக்கு வாளியிலிருந்து சாம்பார் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். யார், என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தட்டு இட்லிக்கு எத்தனை கரண்டி சாம்பார் என்று கணக்குப் பார்க்கும் கடைக்காரர்கள் அங்கே போய் ஒருநாள் பார்க்கலாம்.

தி.நகர் வேறு ஜாதிக் கடைத்தெரு. 1920களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டை. பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. புடவைக்கும் நகைக்கும் வருகிறவர்கள் பத்து மணிக்கு மேல்தான் இறங்குவார்கள். அதனால் இங்கே டிபனும் சோம்பலாகவே எழுந்து, நாள் முழுக்க நீளுகிறது. பாண்டி பஜாரில் பழைய கீதா கபே இருக்கிறது. மதுரையிலிருந்து வந்த முருகன் இட்லிக் கடையின் ஜி.என். செட்டி சாலைக் கிளையில் வாழையிலை போட்டு, விதவிதமான சட்னிகளை வரிசையாக வைப்பார்கள். பொடி இட்லிதான் அங்கே ராஜா. 1981இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன், இட்லி, பொங்கல், தோசை, கேசரி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து ‘மினி டிபன்’ என்று ஒரு தட்டைப் பிரபலமாக்கியது. எதைச் சாப்பிடுவது என்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கு அது வரம். எதையாவது ஒன்றை நன்றாகச் சாப்பிட நினைக்கிறவர்கள் தவிர்க்கலாம்.

ரங்கநாதன் தெரு கடைகளில் காலையிலிருந்து நின்றே வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் இந்த ஓட்டல்களில் சாப்பிடுவதில்லை. அவர்களுக்குக் கையேந்தி பவன்தான். தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, பூரிக்கு உருளைக்கிழங்கு மசால், கையில் தட்டு. பக்கத்துச் சைதாப்பேட்டையில் மாரி ஓட்டல் வடகறிக்குப் பெயர் பெற்றது. கடலைப்பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் கொதிக்க வைத்த வடகறி, மிஞ்சிய வடையை வீணாக்காத சமையல்காரர்களின் யுக்தி. இட்லிக்கும் செட் தோசைக்கும் அதைவிடப் பொருத்தமான ஜோடி சென்னையில் கிடையாது.

இன்னும் குறைந்த காசில் வயிறு நிறைய வேண்டுமென்றால் அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் ஜெயலலிதா தொடங்கி வைத்தபோது இட்லி 1 ரூபாய். பின்னர் சேர்ந்த பொங்கல் 5 ரூபாய். ஆட்டோ ஓட்டுநர்களும் கட்டடத் தொழிலாளர்களும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களும் காலையில் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். எங்கே சாப்பிடலாம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெயரைச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

அவர்கள் விட்டுவிடும் மற்றொன்று மீன். சென்னை கடற்கரை நகரம். ஆனால் காலை உணவைப் பற்றிய பேச்சில் கடலே கிடையாது. மெரினா லூப் சாலையில் 2024இல் நவீன மீன் அங்காடி கண்ட நொச்சிக்குப்பத்திலும், பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் காலையில் பேசப்படுவது நேற்று வைத்த மீன் குழம்புதான். ஒரு ராத்திரி ஊறிய புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்கியிருக்கும். பழைய சோற்றுக்கும் ஆப்பத்துக்கும் அதுவே துணை. இது ஓட்டலில் கிடைப்பது அரிது. குப்பத்தில் ஒரு நண்பர் இருந்தால் பாக்கியம்.

அடையாறுக்கு வந்தால் வேகம் குறையும். இந்தப் பேட்டையின் பெயரைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலை எங்கும் நிற்கும் அடையார் ஆனந்த பவன், ராஜபாளையத்தில் வேர் கொண்ட இனிப்புக் கடைக் குடும்பத்தினுடையது. அடையாற்றில் கடை போட்ட பிறகுதான் இந்தப் பெயர் வந்தது. காந்தி நகரில் கிராண்ட் ஸ்வீட்ஸ். அங்கே இனிப்பு வாங்கப் போனவர்களுக்குத் தொன்னையில் பிரசாதம் போலக் கொஞ்சம் புளியோதரை கிடைக்கும்; சிலருக்கு அதுவே காலை டிபன்.

பிரன்ச் என்று தனியாகத் தேடுகிறவர்களுக்கும் இந்த நகரத்தில் இடம் உண்டு. சேமியர்ஸ் சாலையில் சேமியர்ஸ் கபே, ராயப்பேட்டை வைட்ஸ் சாலையில் தோட்டத்துக்கு நடுவே அமெதிஸ்ட். ஆம்லெட், ரொட்டி, அப்பம் போன்ற பான்கேக். எதையும் அவசரப்பட்டுத் தின்ன வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நட்சத்திர ஓட்டல்கள் மதியம் மூன்று வரை விருந்து விரிக்கும். எம்.ஆர்.சி. நகரில் கடலைப் பார்த்து நிற்கும் லீலா பேலஸ், கிண்டி கிராண்ட் சோழா என்று வரிசை உண்டு. ஒருவருக்கு ஆகும் செலவில் ராயர் மெஸ்ஸில் ஒரு பெரிய குடும்பமே சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டுமென்றால், அந்தக் காசு உணவுக்கானது இல்லை, நாற்காலிக்கானது. மெஸ்ஸில் அந்த நாற்காலி கிடைக்காது.

மார்கழியில் மட்டும் மூன்றாவதாக ஒரு வழி திறக்கும். மியூசிக் அகாடமியிலும் மற்ற சபாக்களிலும் டிசம்பர் கச்சேரிகளோடு சேர்ந்து கேன்டீன் போடுவார்கள். கச்சேரிக்கு டிக்கெட் எடுக்காமலே போய்ச் சாப்பிடலாம். அகாடமியில் காலை எட்டு மணியளவில் செயல்விளக்க உரைகள் தொடங்கும். அதற்கு முன்பும் பின்பும் கேன்டீனில் நடக்கும் ராக விவாதம் பல சமயம் மேடையைவிடச் சூடாக இருக்கும். அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர், ஞானாம்பிகா என்று சமையல்காரர்களின் பெயருக்கே ரசிகர்கள் உண்டு.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. மயிலாப்பூர்க் கடைகளில் இன்றைக்கும் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருகிறார்கள். பீபரி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று கேட்டே கலப்பார்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அரசு விதி. ஓட்டல் காபி கறுத்துக் கசந்தால் சிக்கரி கூடிவிட்டது என்று சந்தேகப்படலாம். டிகாக்‌ஷன் காலையில் முதல் முறை இறக்கியதாக இருந்தால் அந்தச் சந்தேகம் வருவது குறைவு.

ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால் மயிலாப்பூரையே தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. வார நாளில் ஏழு மணிக்குப் போங்கள். மெட்ரோ வேலையால் லஸ் முனையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பறக்கும் ரயிலில் வந்து திருமயிலையில் இறங்கினால் மாட வீதிகளும் அருண்டேல் தெருவும் நடக்கிற தூரம்தான். மெஸ்ஸுக்குள் போனதும் முதலில் பொங்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். இட்லிக்கு முன்னால் தீர்வது அதுதான்.